போயாவுக்கு முதல் நாள் வாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, ‘எந்தக் கமரா வாங்கலாம்?’ என்பதுதான். அவற்றையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி ஒரே பதிலில் முடித்துவிட்டேன். புதிதாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் ஸ்டூடியோக்காரன் அல்ல. 31 வருடம் மட்டக்களப்பில் தபால் கொண்டுபோனவன். முதலில் சைக்கிள், பிறகு மோட்டார் சைக்கிள். இப்போது அதே மோட்டார் சைக்கிளில் கடிதப் பைக்குப் பதில் கமராப் பை தொங்குகிறது, அவ்வளவுதான் மாற்றம்.

கேள்வி: எனக்கு வயது 19. கட்டாரில் இருக்கிற மாமா காசு அனுப்புவதாகச் சொல்கிறார். பாவித்த கமரா ஒன்று, மூன்று லென்ஸுடன் விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா? (செங்கலடி)

வாங்கலாம் தம்பி. ஆனால் அந்த மூன்று லென்ஸ்தான் இடிக்கிறது. மூன்றையும் ஒன்றாகத் தள்ளிவிட நினைக்கிறார் என்றால் ஒன்றிலாவது பூஞ்சணம் இருக்கக்கூடும். நம் ஊரில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் நாம். லென்ஸுக்கு இதைவிடக் கெட்ட இடம் கிடையாது.

லென்ஸைக் கழற்றி, பின்பக்கம் டோர்ச் லைட்டைப் பிடித்து, முன்பக்கத்திலிருந்து சரித்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாது. தூசி புள்ளியாகத் தெரியும், அது பரவாயில்லை. சிலந்தி நூல் மாதிரி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வேர் விட்ட மாதிரி ஏதாவது தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். என்னிடம் நல்லதொரு 50 மி.மீ. லென்ஸ் இருந்தது. ஒரு மாரிக்கு, ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று தோல் உறைக்குள் போட்டு, அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். கார்த்திகையில் வைத்ததைத் தை பிறந்த பிறகு எடுத்தால், கண்ணாடிக்குள் வெள்ளை வேர். திருத்துகிறவர் கழற்றித் துடைத்தார். பூஞ்சணம் போனது, ஆனால் அது கண்ணாடியின் பூச்சைத் தின்று வைத்திருந்தது. அன்றிலிருந்து அந்த லென்ஸில் விளக்கை எடுத்தால் விளக்கைச் சுற்றிப் பனி மூட்டம். தோல் உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், இருட்டு அதற்கு உதவி செய்யும். பத்திரம் என்று நான் நினைத்ததே பூஞ்சணத்துக்குப் பந்தி வைத்த மாதிரி ஆகிவிட்டது.

இப்போது என் கமரா இருப்பது காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில். உள்ளே சிலிக்கா ஜெல் மணிகள். நீல மணி ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். தாச்சியில் போட்டு இளஞ்சூட்டில் வறுத்தால் திரும்ப நீலமாகும். (வேறு நிற மணிகளும் இருக்கின்றன. கேட்டு வாங்குங்கள். வறுத்த தாச்சியைச் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள், வீட்டில் யுத்தம் வரும்.) அரிசிக்குள் போட்டு வைக்கச் சொல்வார்கள். அரிசித் தூள் லென்ஸ் மடிப்புக்குள் போவதுதான் மிச்சம்.

கமரா உடம்பைப் பொறுத்தவரை, எத்தனை தடவை ஷட்டர் அடித்திருக்கிறது என்று கேளுங்கள். சாதாரண ரகங்களுக்குப் பொதுவாக ஒரு லட்சம் அடி வரை ஆயுள் சொல்வார்கள். கூட வருகிற 18–55 லென்ஸ் ஒரு வருடத்துக்குப் போதும். கேனனா நிக்கானா என்று சண்டை பிடிக்கிற நேரத்தில் நாலு படம் எடுக்கலாம்.

கேள்வி: சொந்த ஊர் ஆரையம்பதி, இருப்பது வெள்ளவத்தை. இரண்டு நாள் லீவில் வருகிறேன். சூரிய உதயமும் அஸ்தமனமும் எங்கே நின்று எடுத்தால் நன்றாக வரும்? (வெள்ளவத்தை)

ஆரையம்பதிக்காரருக்கு இதற்குப் பதில் அம்மம்மாவிடமே இருந்திருக்கும். வாவிக்குக் கிழக்கே இருக்கிற நம் பக்கம் எழுவான்கரை, மேற்கே இருக்கிற வயல் பக்கம் படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. கமராவைக் காணாத காலத்திலேயே நம் ஆட்கள் வெளிச்சத்தை வைத்து ஊரைப் பிரித்துவிட்டார்கள்.

பெயரை நம்பி எல்லோரும் காலையில் கல்லடிக் கடற்கரைக்குப் போகிறார்கள். போங்கள், தப்பில்லை. கடல், வானம், நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. பத்துப் படம் எடுத்த பிறகு பதினோராவதற்கு என்ன செய்வது என்று தெரியாது. நான் காலையில் எதிர்ப்பக்கம் போகிறவன். மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து, படுவான்கரையில் இறங்கி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தபடி நிற்பேன். சூரியன் நம் தென்னை வரிசைக்கு மேலால் வரும், வாவித் தண்ணீர் முழுக்கப் பித்தளை நிறம் கொள்ளும், நடுவில் தோணிகள் கறுப்பாக நிற்கும். கடலில் கிடைக்காத முன்னணி, நடு, பின்னணி மூன்றும் அங்கே இலவசம். 2014இல் பாலம் திறப்பதற்கு முன்னர் அந்த இடத்தில் ‘பாதை’ என்று நாம் சொல்கிற, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கிற மிதவைதான் ஓடியது. பாதையில் சைக்கிளை ஏற்றிவிட்டு நின்ற அந்த நேரத்தில்தான், வெளிச்சம் தண்ணீரில் எப்படி நடக்கிறது என்று பார்த்துப் பழகினேன். இப்போது பாலத்தில் ஒரே மூச்சில் போய்விடுகிறோம். வசதிதான்.

மாலையில் இதையே திருப்பிப் போடுங்கள். புளியந்தீவில் வாவிக்கரை, அல்லது பழைய கல்லடிப் பாலம். 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்த பிறகு பழைய இரும்புப் பாலத்தில் ஆறுதலாக நிற்கலாம். யுத்த காலத்தில் அந்தப் பாலத்தில் கமராவை வெளியே எடுப்பதை நினைத்தும் பார்க்க மாட்டோம். ஆகவே இப்போதும் அங்கே ஷட்டர் அடிக்கும்போது என் தோள் தானாக ஒரு பக்கம் திரும்பும்.

நேரம்: ஜூனில் 5.50க்கே சூரியன் வந்துவிடும், ஜனவரியில் 6.20 ஆகும். அரை மணித்தியாலம் முந்திப் போய் நில்லுங்கள். நல்ல நிறமெல்லாம் சூரியன் வருமுன் வந்து போய்விடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். லீவு எடுப்பதாக இருந்தால் போயாவுக்கு, அதாவது முழுநிலவு விடுமுறைக்கு, முதல் நாள் வாருங்கள். பறுவத்தன்று நிலவு கடலிலிருந்து எழும்பும்போது வானம் இருண்டுகொண்டு வரும். நிலவை ஒழுங்காக எடுத்தால் கடல் கறுப்பு, கடலை எடுத்தால் நிலவு வெறும் வெள்ளைத் தட்டு. நிலவு ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி எழும்புகிறது. ஆக, முதல் நாள் அவ்வளவு முந்தி வரும், அப்போது வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும். நிலவும் தெரியும், அலையும் தெரியும், கரையில் இழுத்து வைத்த வள்ளத்தின் பெயர்கூடத் தெரியும். நிலவு உயர ஏறிவிட்டால் லென்ஸ் துவாரம் எஃப் 11, ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 200, ஷட்டர் 1/200 செக்கன். அடிவானத்தில் நிற்கும்போது மங்கல், இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கொடுக்கவேண்டும். அடுத்த நாள் நாடெங்கும் விடுமுறை, வீட்டில் படுத்துத் தூங்கலாம்.

கேள்வி: பாடும் மீனைப் படம் எடுத்திருக்கிறீர்களா? (ஏறாவூர்)

இல்லை. எடுத்தவர் எவரையும் நான் சந்தித்ததும் இல்லை. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, காற்றில்லாத நிலா இரவில், கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியில் காதை வைத்தால் கேட்கும் என்பார்கள். மீன் என்கிறார்கள், சிப்பி என்றும் சொல்கிறார்கள். நான் ஒருமுறை கேட்டேன். நனைந்த கிண்ணத்தின் விளிம்பை விரலால் தடவுகிற மாதிரி ஒரு சத்தம். கமரா பைக்குள்ளேயே இருந்தது. துடுப்பில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிற ஒருவரின் முகத்தை எடுங்கள். அதுதான் பாடும் மீனின் படம்.

கேள்வி: ஸ்கூட்டியில் தனியாகப் போய்ப் படம் எடுப்பேன். வயல், குளம், பறவை பிரச்சினை இல்லை. ஆட்களை எடுக்கத்தான் தயக்கம். கேட்டால் விறைத்துப்போய் நிற்கிறார்கள். கேட்காமல் எடுத்தால் களவெடுத்த மாதிரி இருக்கிறது. (களுவாஞ்சிக்குடி)

மகள், உறுத்துகிறதே, அது நல்லது. அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

வேலையில் இருந்த காலத்தில், அம்பிளாந்துறைப் பக்கம் ஒரு வயதான ஐயா வீச்சு வலை வீசிக்கொண்டிருந்தார். வலையை வீச முன்னர் நடக்கிற வேலை இருக்கிறதே, அதைப் பார்த்திருக்கிறீர்களா? ஈயக் குண்டு கோத்த விளிம்பில் ஒரு பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டார். ஒரு பாதியை இடது முழங்கையில் துணி காயப்போடுகிற மாதிரிப் போட்டார். மிச்சத்தை வலது கையில் மடித்து மடித்து எடுத்தார். இடுப்பு ஒரு பக்கம் திரும்பியது, பல் விட்டது, வலை வட்டமாக விரிந்து தண்ணீரில் விழுந்தது. ஷட்டரை 1/1000 செக்கனில் வைத்து நாற்பது படம் அடித்தேன். முப்பத்தொன்பதில் வலை பிந்திவிட்டது, அல்லது நான் பிந்திவிட்டேன். ஒன்றே ஒன்றில் வலை விரிந்து நிற்கிறது, ஈயக் குண்டுகள் மணியாகத் தெரிகின்றன, அவர் வாய் இன்னும் திறந்தே இருக்கிறது.

கமராவின் பின்பக்கத்தில் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு மனே. மறுகா என்ட படம் எங்க?” என்றார். கொண்டுவந்து தருகிறேன் என்றேன். ஏழு மாதமாகப் படத்தைக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோன அன்று அவர் கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது: “கடிதம் எண்டா ஒரு நாள் பிந்தாமக் கொண்டுவந்து தாறாய். படம் எண்டா ஏழு மாசமா?”

அதிலிருந்து என் பையில் ஒரு சின்னக் கொப்பி இருக்கிறது. யாரைப் படம் எடுத்தாலும் பெயரும் இடமும் எழுதிக்கொள்வேன். “மில்லடிக்குப் பின்வளவு, கிணற்றடியில் முருங்கை நிற்கிற வீடு” என்று எழுதினாலும் படுவான்கரையில் கடிதம் போய்ச் சேரும், எனக்கு அது தெரியும். டவுனில் 4×6 அளவில் பிரின்ட் போட்டு, கிட்ட என்றால் கையில், தூரம் என்றால் தபாலில். ஒரு பிரின்டின் விலை ஒரு பிளேன்டீயும் பணிஸும் மாதிரிதான். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அடுத்த முறை நீங்கள் கமராக்காரி இல்லை, வீட்டுக்கு வந்த பிள்ளை.

விறைத்து நிற்கிறார்களா? அந்த விறைப்பான படத்தையே முதலில் எடுங்கள். சட்டைப் பொத்தானைப் பூட்டி, தலை வாரி நிற்கிறார்களே, சுவரில் மாட்டப்போகிற படம் அதுதான். அதை மரியாதையாக எடுத்த பிறகு கமராவை நெஞ்சளவில் இறக்கிவிட்டுக் கதையுங்கள். ‘முடிந்துவிட்டது’ என்று அவர்கள் மூச்சு விடுகிற நேரத்தில் உங்களுக்கு வேண்டிய படம் வரும். இன்னொன்று, நான் படலையோடு திரும்பி வந்த வீடுகளில் நீங்கள் குசினி வரைக்கும் போகலாம். அந்தப் படங்கள் எதுவும் என்னிடம் இல்லை. பொறாமைதான்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குப் போவதாக இருந்தால் முதலில் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கரைக் கண்டு கேளுங்கள். உள்ளே எடுக்கவேண்டாம் என்றால் வேண்டாம்தான். தெய்வம் வந்து ஆடுகிறவரின் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடித்த ஒருவரை ஊர் எப்படிப் பார்த்தது என்று நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: குமணைக் காட்டுக்குப் பறவை பார்க்கப் போக நண்பர்கள் ஆயத்தம். என்னிடம் கேனன் 55–250 லென்ஸ்தான் இருக்கிறது. போதுமா? (சம்மாந்துறை)

பறவைக்கு எந்த லென்ஸும் போதாது தம்பி, 600 வைத்திருக்கிறவரும் இதையேதான் சொல்வார். உங்கள் கேனனில் சென்சர் சின்னது, ஆகவே 250 என்பது 1.6ஆல் பெருகி 400 மி.மீ.க்குச் சமமாக நிற்கும். யானைக்குத் தாராளம், கூழைக்கடாவுக்குப் போதும், மீன்கொத்திக்குக் கொஞ்சம் அழவேண்டும்.

லென்ஸைவிட மாதம் முக்கியம். குமணை வில்லில், அதாவது அங்கே இருக்கிற சதுப்புக் குளத்தில், பறவைகள் கூடு கட்டுவது மே, ஜூன், ஜூலை மாதங்களில். மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் எல்லாம் ஒரே மரத்தில் மாடி வீடு மாதிரி இருக்கும். விடிய முன் பொத்துவிலிலிருந்து புறப்பட்டு, பாணமை தாண்டி, உகந்தையில் வாசல் திறக்கிற நேரத்துக்கு நின்றுவிடவேண்டும். கதிர்காமத்துக்குக் காட்டு வழி திறக்கிற நாட்களாக இருந்தால் உகந்தை முருகன் கோயிலடியில் பாத யாத்திரைக்காரர்களின் கூட்டம் இருக்கும். என்னைக் கேட்டால் பறவையைவிட அந்தக் கால்களை எடுப்பேன். 1985 முதல் 2003 வரை பூட்டிக் கிடந்த காடு அது. என் வயதுக்காரர்களுக்கு இளமையில் எடுத்த குமணைப் படம் என்று ஒன்று கிடையாது.

ஜீப்பில் கமரா முக்காலி (ட்ரைபொட்) விரிக்க முடியாது. ஒரு கிலோ நெல்லைச் சீலைப் பையில் கட்டிக்கொண்டு போங்கள். ஜீப் கம்பியில் அதை வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்தினால் கை நடுங்காது. சாரதி எஞ்சினை நிறுத்தும்வரை ஷட்டரில் விரல் வைக்கவேண்டாம்.

திரும்பும் வழியில் லகுகலைக் குளத்தையும் பாருங்கள். தண்ணீர் வற்றுகிற ஜூலை, ஆகஸ்டில் யானைகள் புல்லுக்கு இறங்கும். ஆனால் அது கச்சான் காற்று அடிக்கிற காலம். காற்றில் தூசி, தூரத்தில் எல்லாம் வெளிறிப்போகும். வெட்டவெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள்.

காசு கட்டிப் போகுமுன் உங்கள் ஊர் வயலில் உழவு நடக்கும்போது ஒரு வாரம் பழகுங்கள். உழவு இயந்திரத்துக்குப் பின்னால் எழும்புகிற கொக்குக் கூட்டத்தை ஒழுங்காக எடுக்க முடிந்தால் குமணையில் தடுமாற மாட்டீர்கள். வெள்ளைக் கொக்கு என்பதால் கொஞ்சம் இருட்டாகவே எடுங்கள், இல்லாவிட்டால் இறகு சுண்ணாம்பாகிவிடும்.

கேள்வி: கமரா வைத்திருப்பதால் சொந்தக்காரர்கள் கலியாணத்துக்குப் படம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள். மறுக்க முடியவில்லை. (அக்கரைப்பற்று)

மறுத்துவிடுங்கள். பிலிம் காலத்தில் என் மைத்துனரின் கலியாணத்துக்கு நான்தான் கமரா. தாலி கட்டு, கால்மாறிப் போதல், பந்தி எல்லாம் அடித்தேன். எண் 36 தாண்டி 38 காட்டியது. ‘ரெண்டு படம் லாபம்’ என்று சந்தோஷப்பட்டேன். பிலிம் உருளையில் மாட்டவே இல்லை. சுற்றும்போது இடப்பக்கக் குமிழும் கூடச் சுற்றுகிறதா என்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மைத்துனர் மன்னித்துவிட்டார். அவர் மனைவி இன்னும் பிளேன்டீயில் சீனி குறைத்துத்தான் போடுகிறார்.

கேள்வி: வாவிக்கு மேலால் ட்ரோன் விடலாமா? (காத்தான்குடி)

சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைப் பார்த்து, அனுமதி எடுத்த பிறகு. அப்போதும் விமான நிலையப் பக்கம் வேண்டாம்.

கேள்வி: 2004 சுனாமியில் நனைந்த அல்பம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அம்மா காயவைத்து எடுத்து வைத்தார். படங்கள் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிப்போய்விட்டன. உரித்து எடுக்க வழி இருக்கிறதா? (கல்லடி)

உரிக்காதீர்கள். தயவுசெய்து ஒரு மூலையைக்கூட உரித்துப் பார்க்காதீர்கள். படம் இருப்பது கடதாசியில் அல்ல, அதன்மேல் இருக்கிற மெல்லிய ஜெலட்டின் படையில். உப்புத் தண்ணீரில் ஊறிக் காய்ந்தபோது அது பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டது. இழுத்தால் முகம் பிளாஸ்டிக்கோடு வரும், வெள்ளைக் கடதாசி உங்கள் கையில் மிஞ்சும். தண்ணீரில் ஊறப்போட்டால் கழன்று வரும் என்று சொல்வார்கள். ஸ்டூடியோவில் கழுவிய சில படங்களில் அது நடக்கும். ஆனால் உப்பும் பூஞ்சணமும் பட்ட படம் தண்ணீரில் கரைந்தும் போகலாம். ஆகவே அது பிறகு, அதுவும் ஆள் இல்லாத ஒரு படத்தில் செய்து பார்த்த பிறகு.

முதலில் பிளாஸ்டிக்கோடு சேர்த்தே பிரதி எடுங்கள். காலை ஒன்பது மணி போல, வெயில் நேரே விழாத யன்னலுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டு அல்பத்தை மட்டமாக வையுங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரட்டும், வீட்டு விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஃபிளாஷ் கூடாது. கமராவை நேர் மேலே, அல்பத் தாளுக்குச் சமாந்தரமாகப் பிடிக்கவேண்டும். பிளாஸ்டிக்கில் உங்கள் சட்டையும் கூரையும் தெரியும். அதற்கு ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை வெட்டி, அதற்குள்ளால் லென்ஸை விட்டுத் துணியைத் திரை மாதிரிப் பிடியுங்கள், பளபளப்பு போய்விடும். கை ஆடாமல் இருக்க 2 செக்கன் டைமர். கமரா இல்லை, போன்தான் என்றால் கொஞ்சம் தள்ளிப் பிடித்து 2 மடங்கு சூமில் எடுங்கள். கிட்டப் போனால் உங்கள் நிழல் விழும், ஓரங்களும் வளையும்.

ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாக ஒன்று, பிறகு ஒவ்வொரு படமாக ஒன்று. கறை, மண், பூஞ்சணம் எதையும் துடைக்காதீர்கள். அல்பத்தில் பேனாவால் எழுதிய திகதி, பெயர் இருந்தால் அதையும் தனியாக எடுங்கள், மை மங்கிக்கொண்டே போகும். எடுக்கும்போது அம்மாவைப் பக்கத்தில் இருத்தி, யார் யார் என்று சொல்லச் சொல்லி ஒரு கொப்பியில் இலக்கம் போட்டு எழுதுங்கள். ஒரே நாளில் முடிக்கவேண்டாம். ஒரு நாளைக்கு நாலு பக்கம் போதும், அம்மாவுக்கும் அதுதான் தாங்கும்.

யன்னல் வெளிச்சம் போதாவிட்டால் எனக்கு எழுதுங்கள். கறுப்புத் துணி என்னிடம் இருக்கிறது, ஓட்டையும் வெட்டியாயிற்று.